மகள் கணித்த பஞ்சாங்கம்

போன செவ்வாய்க்கிழமை என் கடைக்கு ஒரு பெண் வந்தார். ஒரு கிலோ சீனி, ஒரு சவர்க்காரம். போகிற போக்கில் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அண்ணன், புது வருசப் பஞ்சாங்கம் வந்திட்டா?"

அவ்வளவுதான். கையில் தாளில் சுற்றிக்கொண்டிருந்த சீனிச் சரை நழுவி மேசையெல்லாம் கொட்டிவிட்டது.

பஞ்சாங்கம் என்ற சொல்லுக்கு நடுங்குகிற ஆள் இந்த மட்டக்களப்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? கூரையில் பல்லி சொன்னதற்கு இந்தப் பத்தியில் இரண்டு வாரம் எழுதியவன். ஆனால் இது பல்லிச் சங்கதி இல்லை. இதற்கு நான் பயந்ததில் நியாயம் இருக்கிறது... கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாலு வருடத்துக்கு முந்தின கதை. இதுவரை எழுதத் துணியவில்லை. இப்போது சமாதானப் பேச்சு நடக்கிறது. கதையில் வருகிற சென்றியும், அதாவது ஆமியின் சோதனைச் சாவடியும், எழும்பிப் போய்விட்டது — மணல்மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் வெள்ளரிப்பழம் விற்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எதற்கும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மூத்த மகளின் பெயரை இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீடும் கடையும் செட்டிபாளையத்துப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவிக்கு அக்கரையில் படுவான்கரை. இந்தக் கரையில் ஆமி, அந்தக் கரையில் இயக்கம். நடுவில் என் இரண்டு பெண்பிள்ளைகள். நிரோஜாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, துஷாவுக்கு ஏழு.

அந்த வருடம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்தின் பாதியில் இடம்பெயர்ந்த சனம் இருந்தது. மற்றப் பாதிக்குப் போகிற வழியில் ஆமிக் காம்ப். சரி, சுற்றிப் போகலாம் என்றால் வாவியோரப் பாதை. அந்தப் பாதையில், அக்கரையிலிருந்து தோணியில் வருகிற இயக்கத்து அண்ணன்மார் நின்று வளர்ந்த பிள்ளைகளோடு கதைக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. கதைத்த பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வராதாம்.

நிரோஜா வயதுக்கு மிஞ்சின உயரம். மற்றத் தகப்பன்மார் பிள்ளை வளரவில்லையே என்று கவலைப்படுவார்கள். நான் கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடுகளைப் பார்த்து, இவள் ஏன் இப்படி வளருகிறாள் என்று வயிறு கலங்கிக்கொண்டிருந்தேன்.

"வீட்ட இரிக்கட்டும். நான் படிப்பிக்கிறன்" என்றாள் மனைவி சாந்தி.

அவள் ஓ.எல். பாஸ். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஏன் நின்றேன்? சோதனைக்குப் பயந்துதான். பள்ளிக்கூடச் சோதனைக்குப் பயந்து ஓடினவனை, சந்திக்குச் சந்தி சோதனை வைத்துப் பிடித்துக்கொண்டது காலம்!

பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைத் தராசில் பின்னம் படித்தார்கள். மாமரத்தில் எத்தனை பிஞ்சு கொட்டியது, எத்தனை தங்கியது என்று எண்ணிச் சதவீதம் போட்டார்கள். மரமுந்திரிகைப் பழச்சாற்றால் சித்திரம் கீறினார்கள். அந்தக் கறை துணியை விட்டுப் போகாது. இரண்டு பேரின் சட்டையும் அந்த வருடம் முழுக்கச் சித்திரக் கண்காட்சிதான். குயில் கூவினால் தாயும் மக்களும் பதிலுக்குக் கூவுவார்கள். பிறகு அது எத்தனை நொடியில் திருப்பிக் கூவுகிறது என்று எண்ணுவார்கள்.

நான் கடைக்குள்ளிருந்து சத்தம் போடுவேன். "மெல்லக் கூவுங்க புள்ளயள், காம்புக்குக் கேக்கும்!"

"குயிலுக்கிட்டயும் ஐடென்டி காட் கேப்பானுகளா?" என்பாள் சாந்தி.

இப்படி ஒரு மனுஷி. பயம் என்பதை எங்கள் வீட்டில் நான் ஒருவனே மொத்தமாக எடுத்து வைத்திருந்தேன்.

பாடப்புத்தகம்தான் இல்லை. வீட்டில் இருந்த ஒரே முழுப் புத்தகம் பஞ்சாங்கம். கடையில் ஒரு ஆணியில் தொங்கும். ஊரே வந்து புரட்டிவிட்டுப் போகும். சாந்தி அதையே பாடமாக்கினாள். இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம் — அது கணக்கு. வளர்பிறை, தேய்பிறை — விஞ்ஞானம். எந்தக் கிழமை எந்தத் திசையில் சூலம் — புவியியல். ஒரே மாதத்தில் நிரோஜா அரைச் சாத்திரியாராகிவிட்டாள்.

உடனே சாந்தி அடுத்த வேலையைக் கொடுத்தாள். "நீயே ஒரு பஞ்சாங்கம் கணிச்சு எழுது மகள். நம்மட வளவச் சுத்தி என்னென்ன நேரத்துக்கு என்னென்ன நடக்குது எண்டு பார். அத எழுது."

சாந்தி நினைத்தது குயில், மாங்காய், செவ்வரத்தம்பூ. குற்றம் சொல்ல முடியாது. தாய்மார் அப்படித்தான் நினைப்பார்கள்.

பிள்ளை சரைத்தாளை வெட்டி அடுக்கி, போன வருடப் பஞ்சாங்கத்தின் அட்டையைக் கழற்றி அதற்குள் வைத்துத் தைத்தாள். வெளியே பார்த்தால் அச்சொட்டாகப் பஞ்சாங்கம். புது வருடத்துக்கு வந்திருந்த அசலுக்குப் பக்கத்திலேயே, அதே ஆணியில் தொங்கியது. நான் பார்த்துப் பெருமைப்பட்டேன். திறந்து பார்க்கவில்லை.

புது வருடத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், ஒரு நாள் காலை, சாமான் எடுக்கப் போக நேரம் பார்ப்போம் என்று ஆணியில் கையை வைத்தேன். வந்தது மகளின் பஞ்சாங்கம்.

"திங்கள். குயில்: 5.10. மீன்காரரின் மணி: 6.40. மாங்காய் விழுந்தது: 2."

சிரிப்பு வந்தது. கெட்டிக்காரி. அடுத்த வரிக்குப் போனேன்.

"ரோந்து காலம்: 6.50 முதல் 7.15 வரை. பத்துப் பேர். சுபநேரம்: 8.20 முதல் 9.00 வரை, வீதியில் ஒருவரும் இல்லை."

ராகு காலம் இருக்க வேண்டிய இடத்தில் ரோந்து காலம்! சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தைப் புரட்டினேன்.

"செவ்வாய். சூலம்: வடக்கு, சந்தியில் செக்கிங். பரிகாரம்: அடையாள அட்டை."

"புதன். எமகண்டம்: பின்னேரம் 4.00 முதல், செல்குண்டு அடிக்கும்." ராகு காலத்துக்கு வேறு பெயர் வைத்தவள், எமகண்டத்துக்கு வைக்கவில்லை. வைக்கத் தேவைப்படவில்லை.

"வெள்ளி. கரிநாள். அக்கரை அண்ணாமார் தோணியில் வருவர். பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழ் இருத்தல் நன்று."

ஒவ்வொரு நாளுக்கும் கீழே, ஏழு நாளும் தவறாமல்: "சந்திராஷ்டமம்: அப்பா."

வேறொரு நாள் என்றால் அதற்குச் சிரித்திருப்பேன். அன்றைக்கு உள்ளங்கை வேர்த்துத் தாள் ஒட்டிக்கொண்டது. யோசித்துப் பாருங்கள். இது ஆமியின் கையில் பட்டால் என்ன? காம்ப் எப்போது அசைகிறது, எத்தனை பேர் என்று மணி நிமிடத்தோடு எழுதி வைத்திருக்கிற வீடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதியது என்றால் நம்புவானா? நம்பினால் அதைவிட மோசம். அக்கரையின் கையில் பட்டால்? இவ்வளவு கவனமாகப் பார்க்கிற பிள்ளையை வீட்டில் விட்டுவைப்பார்களா?

எந்தப் பக்கம் திரும்பினாலும் போகப்போவது நிரோஜா.

புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினேன்.

"சாந்தி, நீ என்ன வேல செய்து வச்சிருக்காய் தெரியுமா?"

அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனாலும் வாய் விடவில்லை. "புள்ள எவ்வளவு வடிவாப் பார்த்திரிக்கு!"

"வடிவா? தொங்கப்போறது நம்மட புள்ள!"

"சத்தம் போடாதீங்க. ஒரு நெருப்புக்குச்சி வேல. அடுப்பு எரியுது, கொண்டு வாங்க."

ஒரு நெருப்புக்குச்சி வேலைதான். திரும்பினேன். வாசலில் துஷா நின்றாள்.

"அப்பா, மலர் மாமி பஞ்சாங்கம் இரவல் கேட்டா. குடுத்திட்டன்."

"எது?"

"மேசையில கிடந்தது."

"ஆணியில கிடந்ததக் குடுக்கப்படாதா?"

"எனக்கு எட்டாதே" என்றது பிள்ளை.

மலர் அக்கா மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். தை மாதம் மகளுக்குக் கலியாணம் முடித்தவர். மருமகனுக்கு மாமியார் வீட்டில் முதல் வருடப்பிறப்பு. வருடம் பிறக்கிறபோது உடுக்க வேண்டிய நிறத்தைப் பஞ்சாங்கம் சொல்லும், இல்லையா? அந்த நிறம் பிசகினால் சம்மந்தி வீட்டார் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். அதனால் பஞ்சாங்கத்தையே பையில் வைத்து, புளியந்தீவு டவுனுக்குக் கொண்டுபோய், துணிக்கடை மேசையில் விரித்து, நிறத்தோடு நிறம் வைத்து எடுக்கிற எண்ணம். அவருக்கு மட்டுமா? ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்கள்.

தெருவுக்கு ஓடினேன். பஸ்ஸின் புழுதி மட்டும் நின்றது.

டவுனுக்குப் போகிற வழியில், இரண்டு மைலில், சென்றி. எல்லாரும் இறங்க வேண்டும். பைகளைத் திறந்து காட்ட வேண்டும்.

சைக்கிளை எடுத்தேன். சாரத்தை மடித்துக் கட்டினேனா, செருப்புப் போட்டேனா... ஒன்றும் நினைவில்லை. களுதாவளைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று நேர்ந்துகொண்டு புறப்பட்டேன். சென்றி கண்ணில் பட்டபோது நூற்றெட்டில் நின்றது.

பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மலர் அக்காவுக்கு முன்னால் இரண்டே பேர். எனக்கு முன்னால் ஏழு பேர்.

கூப்பிடலாமா? என்ன சொல்லிக் கூப்பிடுவது? "அக்கா, அந்தப் புத்தகத்தைக் காட்டாதீங்க" என்றா? கூப்பிட்ட குரல் முடிய முன்னம் ஆமியின் துவக்கு முனை என் பக்கம் திரும்பும். கையைக் காட்டலாமா? கை காட்டுகிறவனைத்தானே முதலில் பிடிப்பான்? வாய் இருந்தும் பேச முடியாது, கை இருந்தும் அசைக்க முடியாது. இருமிப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "காய்ச்சலா தம்பி?" என்றார்.

அக்காவின் முறை வந்தது. பை மேசையில் கவிழ்ந்தது. வெற்றிலைப் பை, சீப்பு, மடித்த குடை... பஞ்சாங்கம்.

ஆமிக்காரனுக்கு இருபது வயது இருக்கும். புத்தகத்தைத் தூக்கினான். "மே மொகத?" இது என்னவென்று கேட்கிறான்.

அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல்லுக்கு மேல் போகாது. "லித, மாத்தயா. அவுருது லித."

லித என்றால் பஞ்சாங்கம், அவுருது என்றால் வருடப்பிறப்பு. அவர்களுக்கும் அதே நாளில்தான் வருடம் பிறக்கிறது. அவர்களும் நேரம் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள், நேரம் பார்த்துத்தான் முதல் வாய் சாப்பிடுவார்கள். பெடியனின் முகம் விரிந்துவிட்டது.

"ஆ... லித! நெக்கத் கீயட்டத, அம்மே?"

சுபநேரம் எத்தனை மணிக்கு என்று கேட்கிறான். தானே புத்தகத்தைத் திறந்து, தமிழ் எழுத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி, அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினான். வாசித்துச் சொல்லட்டாம்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டார். வாசிக்கத் தொடங்கினார்.

அவர் வாசித்ததை நான் பார்த்தேன். உதடு அசைந்தது... நின்றது. திரும்ப அதே வரிக்கு வந்தது... நின்றது. கண் ஒரு தரம் காம்ப் பக்கம் போய் வந்தது. தாளைப் பிடித்த விரல் வெளுத்தது.

"கீயட்டத?" என்றான் அவன், பேனாவை எடுத்துக்கொண்டு.

அக்கா நிமிர்ந்தார். சத்தம் ஒரு பொட்டும் நடுங்கவில்லை. "உதே அட்டய் விஸ்ஸய், மாத்தயா."

காலை எட்டு இருபது.

அவன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். இரண்டு கையாலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்! "பொஹொம ஸ்துதி, அம்மே." மிச்சம் நன்றியாம்.

என் முறை வந்தபோது அவன் நல்ல சந்தோஷத்தில் இருந்தான். என் வேர்வையைப் பார்த்து, "சைக்கிள்?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். விட்டுவிட்டான்.

சென்றிக்கு அந்தப் பக்கம், வேம்புக்குக் கீழே அக்கா குந்தியிருந்தார். பஸ் கோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி... இந்தப் பஞ்சாங்கத்த எந்தச் சாத்திரி கணிச்ச?"

"என்ட மூத்தவள், அக்கா."

அடிதான் விழப்போகிறது என்று நின்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இதக் கேளு தம்பி. 'வருடப்பிறப்பு உடுப்பு: நீலம், வெள்ளை உத்தமம். பச்சை ஆகாது. கோடு போட்டது ஆகவே ஆகாது. இயக்கமெனச் சென்றியில் பிடிப்பர்.'" கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அசல் பஞ்சாங்கத்தில என்ன நிறம் போட்டிருக்கு?"

எனக்கு நினைவிருந்தது. "பச்சை, அக்கா."

"அட பாவமே! பச்சைச் சேட்டோட மருமகன் பஸ்ஸால வந்திறங்கினா, மறுகா எனக்கு மருமகன் மிஞ்சுவானா? நீலம்தான் எடுக்கப்போறன். சம்மந்தி கேட்டா, பஞ்சாங்கத்தில நீலம் எண்டு சொல்லு. கேட்டியா?"

"ஓம் அக்கா. அந்த எட்டு இருபது...?"

"எனக்கென்ன தெரியும்! கண்ணில பட்டதச் சொன்னன். அவன்ட தாய் எங்க இருந்து என்ன நேரம் பாக்கிறாளோ..." சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இப்போது புத்தகம் என் கையில். நானோ சென்றிக்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம்!

வாவியோரம் போனேன். நெருப்பு மூட்டினால் புகை வரும். எறிந்தால் மிதக்கும், என் அதிர்ஷ்டத்துக்கு நேரே காம்ப் துறையில்தான் ஒதுங்கும். ஆகவே ஒவ்வொரு தாளாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, மாப் பிசைவது போலப் பிசைந்தேன். மை கரைந்து விரலெல்லாம் நீலம். பிசையப் போகும்போது கடைசித் தாளில் கண் போனது. அசல் பஞ்சாங்கத்தில் வித்தியாரம்பத்துக்கு உகந்த நாட்கள் என்று ஒரு பட்டியல் வரும் அல்லவா? அதைப் போலவே அழகாகக் கட்டம் போட்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் போகச் சுபநாட்கள்: இந்த வருடம் இல்லை."

அந்தத் தாளை மட்டும் பிசைய நேரம் எடுத்தது.

வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் வாசலில். நிரோஜாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஏசாமல், மெதுவாகச் சொன்னேன். புத்தகம் இல்லை. கரைத்துவிட்டேன். இனி எழுதக்கூடாது. அழுவாள் என்று நினைத்தேன்.

"பரவாயில்ல அப்பா" என்றாள். "எனக்கு எல்லாம் பாடம்."

ஒரு புத்தகத்துக்காக இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தேனே... அது முழுவதும் இந்தச் சின்னத் தலைக்குள் இருக்கிறது. இதை எந்தத் தண்ணீரில் கரைப்பது?

"மறந்திடு மகள்."

"எப்பிடி அப்பா மறக்கிற?"

உண்மையாகத்தான் கேட்டாள். சாந்தியைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற ஓ.எல். பாஸ், அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று குசினிக்குள் போய்விட்டாள். பிள்ளைக்குப் பார்க்கப் பழக்கினோம், எண்ணப் பழக்கினோம், நினைவில் வைக்கப் பழக்கினோம். மறக்கப் பழக்க எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வருடப்பிறப்பு அன்று காலை மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கல் பானைக்கு முன்னால் எல்லாரும் இருந்தோம். திடீரென்று சென்றிப் பக்கமாகப் படபடவென்று வெடிச்சத்தம். ஊரே நிலத்தில் விழுந்தது. நான் இரண்டு பிள்ளைகளுக்கும் மேலே விழுந்தேன். எங்கோ ஒரு வீட்டில் குழந்தை வீரிட்டது. பிறகு ஒன்றுமில்லை. மூன்று வீடு தள்ளி, மலர் அக்கா ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

என் கைக்குக் கீழேயிருந்து நிரோஜா தலையை நீட்டிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "அப்பா, எட்டு இருபது. சீனவெடி." சென்றிப் பெடியன் அக்கா சொன்ன நேரத்துக்குத்தான் பட்டாசு கொளுத்தியிருக்கிறான்.

அவள் அந்த நேரத்தையும் மனதில் குறித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இப்போது அவளுக்குப் பதினாறு. பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்னும் ஒவ்வொரு பின்னேரமும் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். சமாதானப் பேச்சு நடக்கிறது என்று என் வயிற்றுக்கு யாரும் இன்னும் அறிவிக்கவில்லை.

இதை எழுதி முடித்து உறையில் போட்டேன். தபாலில் சேர்க்கச் சந்திக்குப் போக வேண்டும். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

"மகள், இப்ப போகலாமா?"

"என்ன அப்பா நீங்க! இப்ப சமாதானம்தானே? எந்த நேரமும் போகலாம்" என்று சிரித்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். "எதுக்கும்... பத்து நிமிஷம் பொறுத்துப் போங்க."

அந்தப் பத்து நிமிடத்தில் உறையைத் திரும்பப் பிரித்துத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.